தண்ணி ஏறிண்டிருக்கு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கடற்கரைக் கதை இது. தள்ளி உட்கார்ந்தால் பாதி காற்றோடு போய்விடும்.

பாலிகஞ்ச் ஜம்புநாதனும் அவர் பெண் ஹம்சினியும் ஹவுராவில் சைக்கிள்களை ரயிலேற்றி, திகாவில் இறக்கி, அங்கிருந்து கடலோரமாகவே பூரி வரை மிதிப்பது என்று கிளம்பினார்கள். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவளுக்கு முப்பதுக்கு மேல், பேங்கில் ஆபீசர்.

நுரையீரலில் நீர் கோத்துப் பல மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவள். டாக்டர் சரி என்றுவிட்டார். மற்ற யாரும் சரி என்று சொல்லவில்லை. ஆபீசில் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கிக்கொண்டார்கள். கீழ்வீட்டு மாஸிமா, இவள் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தாலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதனால் அப்பாவிடம் முதலிலேயே கறாராகச் சொன்னாள்.

"எனக்காக ஒரு இடத்துல நீ நின்னாலும் அங்கேயே சைக்கிளைத் திருப்பிடுவேன். அப்புறம் ஜன்மத்துக்கும் தொட மாட்டேன்."

"நான் எதுக்குடி நிக்கப் போறேன்" என்றார் அவர், குரங்குக் குல்லாயைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டு. கல்கத்தாவிலேயே இருந்து வயசானவர். குல்லாயில்லாமல் கடல் காற்றுப் பட்டால் செத்துப் போவோம் என்று அங்கே ஒரு நம்பிக்கை.

ஜம்புநாதன் வேலை பார்த்தது கிடர்பூர் துறைமுகத்தில். ஆற்றில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று பார்த்துச் சொல்வதுதான் உத்தியோகம். அவர் சொன்னால் கப்பல் உள்ளே வரும். அவர் பேச்சை நம்பி ஒரு கப்பலும் தரை தட்டியதில்லை.

முதல் நாளே ஓர் ஓடை குறுக்கிட்டது. கடலில் போய் விழுகிற இடம். கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

அப்பா சைக்கிளை நிறுத்தினார். "தண்ணி ஏறிண்டிருக்கு. நடுவில மாட்டிப்போம். வடியட்டும்."

சவுக்கு நிழலில் துண்டை விரித்துக் கொடுத்தார். எரிச்சலோடு படுத்தவள், அசந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் இன்னோர் ஓடை. அங்கேயும் அதே பேச்சு. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மீன்கூடைக்காரிகள் புடவை நனையாமல் அக்கரைக்கு நடந்து போனார்கள். ஹம்சினி அவர்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஹம்சினி, வீட்டிலிருந்த அம்மா லக்ஷ்மிக்கு போன் போட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஏறறது எது வடியறது எதுன்னு தெரியலை."

லக்ஷ்மி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, அவர் மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியதைச் சொன்னாள். எதிர்வீட்டு மணியை அடித்துவிட்டு, நம் வீடென்று நின்றதைச் சொன்னாள். இதையெல்லாம் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்றாள்.

"ஆனா அவர்கிட்ட மூச்சு விடாதே. உடைஞ்சு போயிடுவார். உன்னால முடியலைன்னு சொல்லித் திருப்பிண்டு வந்துடு."

என்னால முடியலை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் அவள் சைக்கிளே ஏறினாள். ராத்திரி புரண்டு புரண்டு படுத்து, அப்பாவுக்காகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

மூன்றாம் நாள், மூன்றாவது ஓடை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது.

"ஏறிண்டிருக்குடி, உட்காரு."

எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அப்பாவிடம் வந்தார். தண்ணீர் வடிகிறதே காக்கு, இப்போதே தாண்டிப் போய்விடுங்கள், தாமதித்தால் ஏறிவிடும் என்று வங்காளியில் சொன்னார். முன்னே எங்கே வேலை என்று விசாரித்தார். துறைமுகத்தில் தண்ணீர் பார்க்கிற வேலை என்றதும் சிரித்துவிட்டார்.

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய வங்காளி எப்போதும் தடுக்கி விழும். அன்று விழவில்லை.

"வடியறது எனக்கும் தெரியும்ப்பா. அந்தக் கம்பத்தோட நிழல் உன் படகைத் தொட்டதும் திரும்ப ஏற ஆரம்பிக்கும். பொண்ணுக்கு மூச்சு இரைக்கறது. அவளுக்காக நிக்கறேன்னு தெரிஞ்சா அத்தோட சைக்கிளை விட்டுடுவா. அப்பனுக்குப் புத்தி மழுங்கிடுத்துன்னே நினைச்சுக்கட்டும்."

மீனவர் திரும்பி, படுத்திருந்தவளைப் பார்த்தார். குரைத்துக்கொண்டிருந்த தன் நாயைத் தூரத்துக்கு விரட்டிவிட்டு வலைக்குப் போனார்.

ஹம்சினி கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிப் போனாள்.

அப்பா தோளைத் தட்டினார்.

"எழுந்திருடி. வடிஞ்சுடுத்து. கிளம்பலாம்."

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

ஹம்சினி அதைப் பார்த்தாள். அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்பா, நன்னா வடிஞ்சிருக்கு. அடுத்த ஓடையிலயும் நீயே பார்த்துச் சொல்லு" என்றவள், செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு, பேண்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.