இத்தனூண்டு

எங்கள் இருவருக்கும் கொரோனா. எனக்குத் தொண்டைவலியோடு சரி. என் கணவருக்குத்தான் காய்ச்சல் விடவில்லை.

வார்டில் நர்ஸ் கேட்டாள், "சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா சார்?"

அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டாமல் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடையில் ஒரு கடுகு போகலாம். "சுகர் லேசா இருக்கும்மா. இத்தனூண்டு."

அந்த விரல்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரி கேட்டபோதும் அதே விரல்கள்தான். காலில் புண் ஆறாமல் கிடந்தபோதும் அதே விரல்கள்தான்.

"இத்தனூண்டா? முன்னூறுக்கு மேல சிஸ்டர்! மாத்திரையத் தொட்டே மாசக்கணக்காச்சு."

"கொறஞ்சிடுச்சேன்னு நிறுத்தினேன். அதையெல்லாமா வெளியில சொல்லுவ?" என்றார், நான் என்னவோ குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டதைப் போல.

"சுகர் ஏறிக் கெடந்தா இந்தக் காய்ச்சல் ரொம்பப் படுத்தும் சார். மறைக்காதீங்க," என்றாள் நர்ஸ்.

சாயங்காலம் அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் ஏறியது. டாக்டர் குனிந்து, "மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?" என்றார். இவருக்கு நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. பேச்சு வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவே அதே கடுகு.

பக்கத்துக் கட்டிலிலிருந்து நான் எழுந்து போய் அந்த இரண்டு விரல்களையும் பிடித்து, எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்து டாக்டருக்குக் காட்டினேன்.

நான் கையை விட்ட பிறகும் அவர் டாக்டரைப் பார்த்தபடி அவற்றை விரித்தே வைத்திருந்தார்.