ஓரத்தில் அசையும் உதடுகள்

டர்பன் நகரத்து ஹோட்டல்களின் காபரே மேடைகளில் பாடத் தொடங்கி, ஜொஹானஸ்பர்க்கின் பெரிய இசைநாடக அரங்குகள்வரை வந்துவிட்ட தாயநாயகிக்குச் சில மாதங்களாகப் பாட்டின் வரிகள் நினைவில் நிற்பதில்லை. யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவளுக்கு முடியாமல் போனால் பதிலாக மேடையேறுவதற்கென்றே நாடகக் குழு வைத்திருந்த திலோஷ்னி, தினமும் பக்கத்திரை ஓரத்தில் நின்று முழுப் பாட்டையும் சத்தமில்லாமல் வாயசைத்துப் பழகுவாள். அந்த உதடுகளைப் பார்த்துத்தான் தாயநாயகி பாடினாள். இருட்டை வெறிக்கும் அந்தப் பார்வையில் ஒரு வாழ்நாளின் துயரம் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின.

இன்று ஒப்பனை அறையில் தாயநாயகியின் கவுனின் முதுகுக் கொக்கிகளை மாட்டிவிட்டபடி திலோஷ்னி கேட்டாள்.

"எப்பவும் எதுக்குக்கா என் பக்கமே பாத்துப் பாடுறீங்க?"

"நேரா பாத்தா விளக்கு வெளிச்சத்துல கண்ணு கூசுதும்மா."

"அப்படியா," என்றாள் திலோஷ்னி. கண்ணாடியில் தாயநாயகியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் கடைசிப் பாட்டின் நடுவில் ஓரத்து உதடுகள் நின்றுவிட்டன. பியானோக்காரர் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருந்தார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு உதடுகள் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. போன உயிர் வந்ததுபோல அவள் அந்தச் சொற்களை அப்படியே மெட்டில் ஏற்றி, குரலை உயர்த்திப் பாடினாள்.

"எனக்கு எதுவும் நினைவில்லை. யாராவது என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்."

பியானோ நின்றது. பக்கத்திரை ஓரத்தில் உதடுகள் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தன. கண்ணை எடுக்க முடியாமல் தாயநாயகி வாயைத் திறந்தாள்.