ரசியாவின் சமையல்

"எழுந்திரு ஆஷிகா. நீ வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கலாம்."

பிரியாணி பரப்பிய பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கவளத்தை எடுக்கப்போன மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள் ரசியா பேகம். பதினாலு வயசுப் பெண், ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். எழுந்துபோனாள்.

மெஹராஜ் பேகத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மகள் ஷமீராவின் நிக்காஹுக்கு இன்னும் பத்தே நாள். நாகப்பட்டினத்திலிருந்து சம்பந்தி வீட்டுப் பெண்கள் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தம்பி மனைவி இப்படியா செய்வது?

"என்ன ரசியா இது? பிள்ள வாய்க்குப் போற சோத்தப் பறிக்கிறே?"

"கொலஸ்ட்ரால், லாத்தா. பள்ளிக்கூடத்துல ரத்தம் எடுத்துப் பாத்ததுல முந்நூறுக்கு மேல இருக்கு."

"இந்த உடம்புக்கா? முப்பத்தஞ்சு கிலோ தேறுமா அவ?"

"ஒல்லியா இருக்கிற பிள்ளைங்களுக்கும் வருமாம்."

"எப்படி வந்துச்சாம்?" சம்பந்தியம்மா கேட்டாள்.

ரசியா தலையைக் குனிந்துகொண்டாள். "என் சமையல்தான். அவ வாப்பா சவுதியிலேருந்து அனுப்புறாங்களேன்னு தினம் நெய்யும் இறைச்சியுமா ஆக்கிப் போட்டுட்டேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெஹராஜ் பேகம் விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சவுதியில் இருக்கும் தம்பி அப்துல் வஹாபுக்குப் போன் போட்டாள்.

"உன் பொண்டாட்டி முதல்ல கண்டதையும் ஊட்டிப் பிள்ளயக் கெடுத்தா. இப்ப பட்டினி போடுறா. சபையில என் மானம் போச்சுடா."



"லாத்தா, ஷமீராவுக்கு ரத்தம் பாத்துட்டீங்களா?"

"உன் பொண்டாட்டியும் நாலு நாளா இதையேதான் நச்சரிக்கிறா. கல்யாணப் பொண்ண லேபுக்குக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க? அவ சமையலுக்கும் என் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

"சமையல் இல்ல லாத்தா. பரம்பரையா வர்றதுன்னு தஞ்சாவூர் டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. தாய் தகப்பன் ரெண்டு பேரையும் பாக்கச் சொன்னாரு. ரசியாவுக்கு ஒண்ணுமில்ல. இங்க பாத்ததுல எனக்குத்தான் ஆஷிகாவுக்கு இருக்கிறதை விட அதிகம். நம்ம வாப்பா நாப்பத்திரண்டு வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாங்களே, அதுவும் இதாலதான் இருக்கும். உங்களுக்கும் ஷமீராவுக்கும்கூட இருக்கலாம்."

மெஹராஜ் பேகம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். ரசியாதான் விடல. 'பொண்ணு வீட்டு வம்சத்துலயே நோயின்னு தெரிஞ்சா நிக்காஹை நிறுத்திடுவாங்க. மாத்திரையில அடங்குறதுதானே, பழி என் சமையல் மேலயே இருந்துட்டுப் போகட்டும். ஷமீராவுக்கு மட்டும் எப்படியாவது ரத்தம் பாக்க வச்சிடுவோம்'னா."

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்டா." போனை வைத்தாள்.

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனும் கையுமாக வெளியே வந்தாள். சஹன்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா அவளை அருகே அழைத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"பாவம் அந்தப் பிள்ள. நிஜமாவே உங்க தம்பி சம்சாரம் ஆக்கிப் போட்டதாலதான் வந்துச்சா?"

மெஹராஜ் பேகம் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே, தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த ரசியாவின் கை அப்படியே நின்றது. மெஹராஜ் கையிலிருந்த போனைப் பார்த்ததுமே, கணவன் எல்லாம் சொல்லிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்துபோனது; அவள் பார்வை, சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியது.

உண்மை மெஹராஜ் பேகத்தின் தொண்டை வரைக்கும் வந்தது. அடுத்த அறையில் ஷமீரா தோழிகளோடு சிரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ஆமா," என்றாள் மெஹராஜ் பேகம், தரையைப் பார்த்தபடி. "நான் எவ்வளவோ சொன்னேன். அவ கேட்டாத்தானே?"

ரசியாவின் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது.