திரும்பி நில்லுங்க

“யாரும் கதவை இடிக்காதீங்க. கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் போட்டா தானா நகரும்,” என்றார் லிஃப்ட்காரர். அவர் சொன்னதில் அவருக்கே நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

நீதிமன்றக் கட்டடத்தின் பழைய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோயிருந்தது. லிஃப்ட்காரரைத் தவிர உள்ளே மூன்று பேர். கறுப்புக் கோட்டில் ஒரு பெண் வக்கீல். அவளுடைய கேஸ் கட்டுகளைச் சுமந்து நின்ற அவள் தம்பி. இன்று அவளை எதிர்த்து வாதாடப் போகும் மூத்த வக்கீல். கூரையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

மூத்த வக்கீலுக்கு ‘ரம்பம்’ என்று பட்டப்பெயர். குறுக்கு விசாரணையில் அறுக்க ஆரம்பித்தால் சாட்சி துண்டு துண்டாகத்தான் கூண்டை விட்டு இறங்குவார். லிஃப்டிலும் அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்? வாய்தா மேல வாய்தா வாங்கி இழுத்தீங்க. பெத்த பிள்ளைக்காக உங்களை நம்பி நிக்குது உங்க கட்சிக்காரப் பொண்ணு. இன்னைக்கும் நீங்க நிக்கலைன்னா பிள்ளை அப்பன்கிட்ட போயிடும். இன்னொரு வாய்தாவுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.”

அக்கா வாயெடுப்பதற்குள் தம்பிதான் முந்திக்கொண்டான்.

“வீட்டுல ஒரு ஆபரேஷன் சார். அதான்.”

“ஓ,” என்றார் ரம்பம்.

மின்விசிறி இல்லாமல் லிஃப்ட் கொதித்தது. எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

ரம்பம் மூக்கைச் சுளித்தார். லிஃப்ட்காரர் தன் செருப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“என்னய்யா இது? கக்கூஸ் பைப் ஏதும் உடைஞ்சிடுச்சா?”

அக்காவின் முகம் வெளுத்தது. சுவரோரக் கம்பியை இறுகப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தாள். அவன் அவளுக்கு முன்னால் நகர்ந்து நின்றான்.

“பைப் இல்ல சார். பை.”

“பையா?”

“குடல்ல ஆபரேஷன் பண்ணி, வயித்துல வழி விட்டு ஒரு பை ஒட்டியிருக்கு சார். போறதெல்லாம் அதுலதான் சேரும். வேர்வையில ஒட்டு விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். மன்னிச்சுக்கங்க.”

ரம்பம் பின்னால் நகரப் பார்த்தார். நகர இடமில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இந்த வயசுலயா? இதை வெச்சுக்கிட்டு வெளியில கிளம்பலாமா தம்பி? வீட்டோட கிடக்க வேண்டாமா?”

“வீட்டோட கிடந்தா ஆகுற வேலையா சார்?”

“சரி, இப்ப என்ன பண்றது? கதவு திறக்கிறவரைக்கும் இப்படியேவா?”

“மாத்து இருக்கு சார். வாசலைத் தாண்டினா ஒரு செட்டு கையோட வரும். கார்ல வெச்சா வெயில்ல பசை உருகிடும்னு தோள்லயே மாட்டிக்கிட்டு அலையறேன்.”

கேஸ் கட்டுகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் தோள்பையைத் திறந்தான். அளவாக வெட்டி வைத்த புதுப் பை, ஈரத்துணி, பழையதைப் போட்டுக் கட்ட ஒரு கறுப்பு உறை. எல்லாம் தயாராக இருந்தன.

“ரெண்டு பேரும் கதவைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. சொல்றவரைக்கும் திரும்பாதீங்க.”

“நான் பார்க்காத வயிறாய்யா?”

“பரவாயில்ல, திரும்பிக்கங்க சார்.”

இருவரும் திரும்பினார்கள். பின்னால் எதையோ மெல்ல மெல்லப் பிய்த்தெடுக்கும் சத்தம். நாற்றம் குப்பென்று தூக்கியது. லிஃப்ட்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். பல்லைக் கடித்து முனகுவதுபோல ஒரு சத்தம்.

“வலிக்குதா தம்பி?” என்றார் ரம்பம். இப்போது குரலில் ரம்பம் இல்லை.

“போகப் போகப் பழகிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார்.”

சட்டென்று லிஃப்ட் குலுங்கியது. மேலே நகரத் தொடங்கியது.

“ஐயோ, இப்ப வேண்டாம்!” தம்பி பதறினான். “அண்ணே, நிறுத்துங்க! வெளியில கூட்டம் நிக்கும்!”

“என் கையில என்னப்பா இருக்கு?” என்பதற்குள் லிஃப்ட் மாடியை அடைந்து நின்றது. வெளியிலிருந்து கதவைத் தடதடவென்று தட்டினார்கள். “உள்ள இருக்கீங்களா? திறங்க!”

லிஃப்ட்காரரின் கை கதவுக்குப் போனது. ரம்பம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கதவில் சாய்த்தால் உள்ளே பார்க்க நேருமே என்று தோளைக் கொடுத்து முட்டி நின்றார்.

“தட்டுறவன் தட்டட்டும்யா. தம்பி, நீங்க நிதானமா முடிங்க. நான் பார்த்துக்கறேன்.”

தட்டல் வலுத்தது. யாரோ கடப்பாரை கேட்டுக் கத்தினார்கள். ரம்பத்தின் கழுத்தில் வேர்வை ஓடியது.

“முடிஞ்சுது சார்,” என்றான் தம்பி.

கதவு திறந்தது. வெளிக்காற்று முகத்தில் அடித்தது. கறுப்பு உறையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த தம்பியின் தோளை ரம்பம் தட்டினார்.

“உடம்பைப் பார்த்துக்கங்க தம்பி. பாரம் கீரம் தூக்காதீங்க. ஏம்மா, அந்தக் கேஸ் கட்டுகளையெல்லாம் நீங்க தூக்கினா குறைஞ்சா போயிடுவீங்க?” என்று அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டு விறுவிறுவென்று கோர்ட்டுக்குள் போனார்.

அக்கா அப்படியே நின்றாள். “எல்லாரும் உன்னை ஒரு மாதிரி பார்த்தாங்களேடா.”

“பார்த்துட்டுப் போறாங்க. ‘எனக்கு’ன்னு ஒரு தடவையாவது சொன்னேனா நான்? போ, உன் கேஸைத்தான் கூப்பிடறாங்க.”

சற்று முன் தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் வயிற்றில் ஒட்டிக்கொண்ட புதுப் பையின் மேல் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டபடி, அக்கா வாதாட உள்ளே போனாள்.