நர்மதா பேரில் வந்தவள்

இரண்டாவது பஸ்ஸிலிருந்து லோகு இறங்கினான். அவன் பின்னாலேயே ஒரு பொம்பளையும் ஆறு வயசு சுமாருக்கு ஒரு பெண் குழந்தையும் இறங்கினார்கள்.

அது நர்மதா இல்லை.

வெயிலில் கண் சரியாகத் தெரியவில்லையோ என்று மெர்சி இன்னொரு தடவை பார்த்தாள். லோகு பெண்டாட்டி நர்மதாவை அவளுக்கு நன்றாகவே தெரியும். புதுவாயலில் இரண்டு பேரும் ஒரே மகளிர் குழு. நர்மதா குள்ளம், கண்ணாடி போட்டிருப்பாள், காலேஜ் போகிற ஒரே மகள் அவளுக்கு. இவளோ நெட்டையாக, முப்பதுக்குள் இருந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் கம்பி தயாரிக்கிற அந்தக் கம்பெனி, வருஷத்துக்கு ஒரு தடவை பர்மனென்ட் ஆட்களைக் குடும்பத்தோடு எங்கேயாவது கூட்டிப்போகும். ஒரு குடும்பத்துக்கு நாலு பேர் வரை. இந்த வருஷம் வண்டலூர் ஜூ. லோகுவும் மெர்சியின் புருஷன் ஜெரால்டும் அங்கே ஒரே செக்‌ஷன்.

"இன்னாங்க, லோகு அண்ணன் யாரையோ இட்டுக்கினு வந்துகிறாரு, பாத்தீங்களா?"

ஜெரால்ட் பார்த்தான். பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

"உனக்கு இன்னாத்துக்கு? நீ பாட்டுக்கு வா."

ஆம்பளையை ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று மெர்சிக்குத் தெரியாதா என்ன? மகள் ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கால்தான் முன்னால் போனது, கண்ணெல்லாம் பின்னால்.

யானையிடம் வந்ததும் லோகு அந்தக் குழந்தையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். அது அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மாமா மாமா என்று கத்தியது. மாமாவாம். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று மெர்சி பல்லைக் கடித்தாள்.

வெள்ளைப்புலியைப் பார்க்க ஜனம் முண்டியடித்தது. மெர்சி புலியைப் பார்க்கவே இல்லை. அது எழுந்து நடந்ததாம், கொட்டாவி விட்டதாம், எல்லாம் ஜெபா சொல்லித்தான் தெரியும். அவள் பார்த்ததெல்லாம் அந்தப் பொம்பளையைத்தான். யாரோடும் ஒரு பேச்சு இல்லை. யாராவது கிட்டே வந்தால் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். தப்பு பண்ணினவள் வேறு எப்படி இருப்பாள்?

மதியம் மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிரியாணிப் பொட்டலம் வந்தது. எச்.ஆர். ஆள் லிஸ்ட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். நர்மதா லோகநாதன் என்றான்.

அந்தப் பொம்பளை எழுந்துபோய்க் கையை நீட்டினாள்.

புருஷனைப் பங்கு போட்டது போதாதென்று பேரையும் எடுத்துக்கொண்டாளே. பாவம் நர்மதா, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தையல் மிஷினோடு மாரடித்துக்கொண்டிருப்பாள். இதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த குழுக் கூட்டத்தில் அவள் முகத்தில் எப்படி முழிக்கிறது? ஒரு குடும்பமே நாசமாய்ப் போய்விடுமே.

செல்லை எடுத்தாள். ஜெரால்ட் வேண்டாம் என்று கண்ணாலேயே அடக்கிப் பார்த்தான். அவள் வரிக்குதிரைப் பக்கமாக ஒதுங்கி நம்பரை அழுத்தினாள்.

"அக்கா, மனச திடமா வெச்சுக்கினு கேளு. லோகு அண்ணன் ஒருத்திய இட்டுக்கினு வந்துகிறாரு. கொழந்த வேற கீது. உன் பேர்ல சோறு வாங்கித் துன்றா."

அந்தப் பக்கம் நர்மதா சிரித்தாள்.

"ஐய, அது ஈஸ்வரி. கான்ட்ராக்ட்ல கீறாரே வரதன், அவர் சம்சாரம். கான்ட்ராக்ட் ஆளுங்க குடும்பத்தத்தான் இட்டுக்கினு போகமாட்டாங்களே. யானையப் பாக்கணும்னு அந்தப் பொண்ணு ரெண்டு நாளா ஒரே அழுவையாம். எங்க லிஸ்ட்ல என் பேரும் எம்பொண்ணு பேரும் கீதே, நான்தான் எங்களுக்குப் பதிலா நீங்க போய்ட்டு வாங்கன்னேன். எவனாவது கண்டுபுடிச்சா எங்க ஊட்டுக்காரரு வேலைக்கே பேஜாரு. நீ யாராண்டயும் சொல்லிடாத மெர்சி."

மெர்சிக்கு முகம் சுருங்கிப்போனது. வரதன் ஏன் வரவில்லை என்று கேட்டுவைத்தாள்.

"அவரு எங்க வர்றது? நீங்கல்லாம் அங்க கீறீங்க, இங்க மிஷினு ஓடணுமே. இன்னிக்கி ஜெரால்ட் அண்ணன் மிஷின்லதான் அவரு நிக்கிறாரு."

அப்பாடா என்று மெர்சி போனை வைக்கப் போனாள். நர்மதா விடவில்லை.

"மொதல்ல உங்க ஊட்லதான் கேட்டாராம் வரதன். நீங்க மூணு பேருதானே, ஒரு சீட்டு காலியாத்தானே கீது, எம்பொண்ண மட்டுமாவது இட்டுக்கினு போங்கன்னு. 'மெர்சி ஒத்துக்க மாட்டா'ன்னு அண்ணன் சொல்லிட்டாராம். அதுக்காக நீ ஒண்ணும் சங்கடப்படாத. அவங்கவங்களுக்கு ஆயிரம் இருக்கும்."

போன் கட்டானது.

மெர்சிக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படி ஒரு பேச்சே அவள் காதுக்கு வரவில்லை. பதினோரு வருஷமாகக் கூடவே குடித்தனம் பண்ணுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா அந்த மனுஷன்? அவனாக எப்படி முடிவு பண்ணலாம்? நாலு பேர் முன்னாடியே கேட்டுவிடுவது என்று மரத்தடியைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

நாலு எட்டு வைத்திருப்பாள். ஒருவேளை கேட்டிருந்தால் தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று யோசித்தாள்.

அதற்கு மேல் காலை எடுத்து வைக்க முடியவில்லை.