பத்தில் ஒன்று

அறுபது மடங்கு வர வேண்டிய இடத்தில் ஆறு மடங்குதான் வந்தது.

மூன்றாவது நாளாக இதே கதை. ஆய்வகத்தில் பெரியவள் கண்ணாடிக் குழாய்களை மாற்றிப் பார்த்தாள். கரைப்பானின் புதுப் புட்டியைத் திறந்தாள். கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினாள்.

ஆறுதான்.

கருவியில் ஓட்டிய ரத்தம் வேறொரு மருத்துவமனை அனுப்பியது. நோய் உறுதியான ஒருவருடையது. ஆரோக்கியமான ரத்தத்தைவிட அறுபது மடங்கு கொழுப்பு இருப்பதாக அங்கே அளந்து எழுதியே கொடுத்திருந்தார்கள். இங்கே ‘ஆரோக்கியம்’ என்று சீட்டு ஒட்டிய குழாயோடு ஒப்பிட்டால் கணக்கு உதைத்தது.

அவள் தேடியது ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்புக் குடும்பத்தில் ஒன்றை. ஒவ்வொரு செல்லின் மேல்சவ்விலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. சவ்வுக்கு உறுதி கொடுக்கும், செய்தி கடத்தும். பழசாகிவிட்டால், செல்லுக்குள் இருக்கும் சின்னப் பையில் ஒரு நொதி அதைக் கத்தரித்துப் போடும். கத்தரி மழுங்கினால் வெட்டுப்படாத கொழுப்பு தேங்கும். முதலில் நரம்பு எரியும். அப்புறம் சிறுநீரகம், இதயம்.

தட்டில் இரண்டாவதாக இருந்த ரத்தம் சின்னவளுடையது. அவள் தங்கை.

சின்னவளின் எண் ஒன்று. ஆரோக்கியமான குழாய்க்கும் அவளுக்கும் இம்மியும் வித்தியாசமில்லை.

அந்த ஒன்றைப் பார்த்ததும் பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. தங்கைக்கு நோய் இல்லை என்பதால் அல்ல.

பள்ளிக்கூட நாளிலிருந்து கால் எரிகிறது, கை எரிகிறது என்று அழுதவள் சின்னவள். வீட்டிலிருந்த ஒரே மின்விசிறி அவள் பக்கம்தான் திரும்பி நிற்கும். அம்மா படுப்பது அவள் கட்டிலோரம். இரண்டு புத்தகப் பைகளையும் சுமந்துகொண்டு பெரியவள் முன்னால் நடப்பாள். நடிப்பு என்று முப்பது வருடமாக மனதுக்குள் சொல்லி வந்தாள். அதற்கு இன்றுதான் ஆதாரம் கிடைத்திருக்கிறது.

சின்னவளின் நொதியை அளந்த மருத்துவர்கள் ஏற்கனவே சரியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெண்களுக்கு அந்தச் சோதனை ஏமாற்றக்கூடும் என்பதால்தான் கொழுப்பையே அளக்க இங்கே அனுப்பினார்கள். இதிலும் இல்லையென்றால் சிகிச்சை கிடையாது. கோப்பை மூடிவிடுவார்கள்.

கைபேசி அடித்தது. அம்மா.

“ரிப்போர்ட் வந்துச்சாடி? அவ வாளித் தண்ணியில காலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பாக்கவே முடியல.”

“எனக்காக என்னிக்காவது இப்படிப் பதறியிருக்கியாம்மா?”

“உனக்கென்னடி, கல்லுக்குண்டு மாதிரி இருக்க!”

பெரியவள் கைபேசியை வைத்தாள். அறிக்கையில் ஒன்று என்று அடித்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

அந்த ஆறு உறுத்தியது. பொறாமை அவளுக்கு உண்டு. தப்பான எண்ணில் கையெழுத்துப் போடும் பழக்கம் கிடையாது.

அறுபது, ஆறாகிறது. பத்தில் ஒன்று. மூன்று நாளும் அதே பத்தில் ஒன்று. அளக்கிற துணியெல்லாம் ஒரே கணக்காகக் குறைந்தால் துணியைக் குற்றம் சொல்லக் கூடாது. கோல்தான், அந்த ‘ஆரோக்கியம்’ குழாய்தான், நீளம்.

அவள் எழுந்துபோய்ப் பக்கத்து மேசைக்காரரைச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள்.

“என் ரத்தமா? அதுல டீயைத் தவிர ஒண்ணும் இருக்காதே மேடம்.”

அவருடையதை ஒன்று என்று வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள்.

வெளியூர் நோயாளி, அறுபது. சின்னவள், பத்து.

ஆரோக்கியமான குழாய், பத்து.

புது முறையைப் பழக்கும்போது ஆய்வகத்தில் இருப்பவர்களே ரத்தம் கொடுப்பது வழக்கம். போன வாரம் யார் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, பெரியவள்தான் முந்திக்கொண்டு கையை நீட்டினாள். வீட்டில் நோய்நொடி இல்லாதவள் என்று பெயர் எடுத்தவள் அவள்தானே.

அந்த நொதியின் மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ். அதை வாங்கிக்கொள்ளாமல் எந்த மகளும் பிறப்பதில்லை. நாற்பத்தைந்து வயதில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போன அப்பா, இரண்டு பேருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் கொடுத்திருந்தார். ஒருத்திக்கு எரிந்தது. இன்னொருத்திக்கு இன்னும் எரியவில்லை.

அறிக்கையில் ஒன்றை அழித்துப் பத்து என்று அடித்தாள். அனுப்பினாள்.

பிறகு செயல்முறைக் குறிப்பேட்டை எடுத்து எழுதினாள்:

‘ஒப்பிட வைக்கும் ரத்தம் ஒரே ஆளுடையதாக இருக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் உறவில்லாத இருபது பேருடையதைக் கலந்து வைக்கவும். அதில் என்னுடையதைச் சேர்க்க வேண்டாம்.’