பூமாலைக்குக் கொடுத்த உளி

"அரிவா எடுத்தவன் கையில உளியக் குடுக்குறியே, பயமா இல்லியாப்பா?" என்று மகள் ஜெயம் ஒருமுறை கேட்டபோது சவுரிராயன் சிரித்தார். பலமுறை குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் பழக்கும் விழுப்புரம் கொட்டகை ஒன்றில் அவர் தச்சு மேஸ்திரி.

1958-ல் அங்கே வந்த பூமாலை, மூன்றாம் நாளே கேலி பேசிய ஒருவனின் மண்டையைக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் உடைத்தான். விலக்க வந்தவனின் பல் தெறித்தது. காவலர் வேங்கடேசன் லத்தியால் விளாசியதில் பூமாலையின் முதுகு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"இவன் திருந்துற ஜென்மம் இல்ல மேஸ்திரி. ஏழு வருசம் ஜெயிலுதான்!"

சவுரிராயன் குறுக்கே பாய்ந்தார். அடுத்த அடி அவர் தோளில் இறங்கியது.

"என் பொறுப்புல உடுங்க ஐயா. எழுதிக் குடுக்குறேன்."

காவலர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

முதுகுக் காயத்துக்குச் சவுரிராயன் மஞ்சள் பூசும்போது பூமாலை கேட்டான்: "திண்டிவனம் சந்தையில ஒங்கள வெட்னது நாந்தான்னு மறந்துபுட்டீங்களா?"

"மறக்கலடா. ஜட்ஜய்யா கால்ல விழுந்து ஒன்ன இங்க அனுப்ப வச்சதே நாந்தான்."

மறுநாள் மதியம் எல்லாரும் சோற்றுக்குப் போய்விட்டார்கள். அந்த வெட்டில் இடக்கையின் இரண்டு விரலை இழந்த சவுரிராயன் இழைக்க முடியாமல் பாதியில் விட்டிருந்த பலகையை, யாருமில்லாத கொட்டகையில் பூமாலை இழைத்துக்கொண்டிருந்தான்.